மார்பகப் புற்றுநோய்: கதிர்ச் சிகிச்சையும் உடலைத் திரும்பப் பழக்குவதும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, தேவையானவர்களுக்குக் கீமோவும் முடிந்த பிறகு, "இனிக் கரன்ற் பிடிக்கிறது மட்டும்தான் மிச்சம்" என்று எங்கள் வீடுகளில் சொல்லும் ஒரு கட்டம் வரும். அந்த "மட்டும்தான்" என்ற சொல்லுக்குள் நிறைய விடயங்கள் மறைந்து போகின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர் அந்த மேசையில் எப்படிப் படுப்பார்? ஆங்கிலம் தெரியாத அம்மா, மூச்சைப் பிடி என்று சொல்வதை எப்படி விளங்கிக்கொள்வார்? தாலிக்கொடியை என்ன செய்வது? களைப்பு எப்போது போகும், வேலைக்கு எப்போது திரும்பலாம், அதுவரை சம்பளம் என்னாகும்? பிரித்தானியாவில் வாழும் எங்கள் குடும்பங்களுக்கு இவற்றைத் தமிழில் ஓரிடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். கனடா, பிரான்ஸ், நோர்வே போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்குப் பண விடயங்கள் வேறுபடும். உடம்பு பற்றிய பகுதி எல்லோருக்கும் பொது.

நான் வைத்தியர் அல்ல. ஊரில் வர்த்தகப் பட்டம் முடித்து, அகதியாக வந்து, இலண்டனில் கணக்காளராக வேலை செய்பவள். 53 வயதில் இடது மார்பில் கட்டி கண்டுபிடித்து, அதை அகற்றி, பிறகு 15 நாட்கள் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன். அதற்குப் பிறகு தொலைபேசியில் இரகசியமாக என்னைக் கேட்ட பெண்களின் கேள்விகள்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. எங்கள் ஆட்கள் இந்த நோயைப் பற்றி வெளியில் கேட்க மாட்டார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுவதில் பிரச்சினை வரும் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

கரன்ற் என்பது என்ன, எதற்கு

முதலில் அது மின்சாரம் அல்ல. உயர்சக்தி ஊடுகதிர். லினாக் என்ற இயந்திரம் அதை உண்டாக்கிக் குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் செலுத்துகிறது. இந்த வகை இயந்திரத்தால் உலகில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளித்தது 1953இல், இதே இலண்டனில், ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. ஆகவே வெளியிலிருந்து கதிர்ச் சிகிச்சை எடுப்பவர் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கலாம், கர்ப்பிணி மருமகளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடலாம். தனித் தட்டு, தனிக் கோப்பை என்று ஒதுக்கி வைக்கும் வீடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பின்னும் எதற்கு இது என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் மிஞ்சியிருக்கலாம் என்பதற்காக. மார்பை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் தரவுகளை 17 ஆய்வுகளிலிருந்து சேர்த்து 2011இல் லான்செற் சஞ்சிகை வெளியிட்டது. கதிர்ச் சிகிச்சை எடுக்காதவர்களில் 100க்கு 35 பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் ஏதோ ஓரிடத்தில் நோய் திரும்பியிருந்தது. எடுத்தவர்களில் அது 100க்கு ஏறக்குறைய 19. வாழ்க்கை முழுக்க இலாப நட்டக் கணக்குப் பார்த்த எனக்கு, இந்த இரண்டு எண்களையும் கண்ட பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் வயது, கட்டியின் தன்மை, கணுக்களின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து உங்களுக்கான கணக்கு மாறும். அதை வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

எத்தனை நாள் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. முன்பு 25 நாட்கள் கொடுத்தார்கள். 1999இல் தொடங்கிய ஸ்ரார்ட் ஆய்வுகளுக்குப் பிறகு பிரித்தானியாவில் அது 15 நாட்களாகக் குறைந்தது. பின்னர் பாஸ்ற் போவர்ட் என்ற ஆய்வு, 4,096 நோயாளிகளை வைத்து, 15 நாட்களில் 40 கிறே கொடுப்பதற்கும் 5 நாட்களில் 26 கிறே கொடுப்பதற்கும் நோயைக் கட்டுப்படுத்துவதில் வித்தியாசம் இல்லை என்று 2020இல் காட்டியது. கிறே என்பது உடம்பு உள்வாங்கும் கதிரின் அளவு. இன்று பலருக்கு ஒரே வாரத்தில் முடிந்துவிடுகிறது. அக்குள், காறை எலும்புப் பக்கத்துக் கணுக்களுக்கும் கதிர் தேவைப்பட்டால் பெரும்பாலும் 15 நாட்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் மேலதிகமாகச் சில நாட்கள் சேர்ப்பதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்கு 5, எனக்கு 15 என்றால், என்னுடைய நோய் மோசம் என்றோ அவருக்குக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றோ அர்த்தம் இல்லை.

முதல் வேலை தோள்மூட்டு

கதிர்ச் சிகிச்சைக்கான உடற்பயிற்சி சிகிச்சை தொடங்கிய பிறகு வருவதல்ல, முன்பே வரவேண்டியது. ஒவ்வொரு நாளும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, தாங்கியில் வைத்து, அசையாமல் கிடக்க வேண்டும். அக்குளில் கணு எடுத்தவருக்குத் தோள் இறுகிப்போயிருந்தால் இது பெரிய வேதனை. சிலருக்கு இதனாலேயே திட்டமிடும் ஸ்கான் தள்ளிப்போகிறது.

எங்கள் வீடுகளில் சத்திரசிகிச்சை முடிந்தவரிடம் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை, கையை அசைக்காதை. தையல் பிரிஞ்சிடும். படுத்திரு." அன்பினால் சொல்வதுதான். ஆனால் தாதியர் தரும் பயிற்சித் தாளில் இருப்பது இதற்கு நேர்மாறு. மறுநாளிலிருந்தே மெதுவான அசைவுகள், பிறகு தையல் ஆற ஆற உயரத்தைக் கூட்டுவது. தோள் இறுகும் ஆபத்து அதிகமுள்ள 392 பெண்களை வைத்துப் பிரித்தானியாவில் நடந்த புரொஸ்பர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. சத்திரசிகிச்சைக்கு 7 முதல் 10 நாட்களுக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ற் ஒருவரின் வழிகாட்டலில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, ஓராண்டின் பின் கையின் இயக்கம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அதனால் காயத்துக்கு மேலதிகப் பாதிப்பும் வரவில்லை.

நான் செய்தவை மிகச் சாதாரணம். சுவருக்கு முன் நின்று விரல்களால் மேலே ஏறுவது, எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவது. கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் கோர்த்துத் தலைக்கு மேல் கொண்டுபோய் மெதுவாக எண்ணுவது. தலைமுடியை நானே இழுத்துப் பின்னுவது. இழுவை தெரிய வேண்டும், கூரிய வலி வரக்கூடாது. அதுதான் எல்லை.

ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களின் பின் சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை, சில வேளை மணிக்கட்டு வரைகூட, தோலுக்கடியில் இறுகிய நாண் போல ஒன்று தட்டுப்படும். கையை நீட்டினால் இழுக்கும். நோய் பரவிவிட்டது என்று பயந்து இரவிரவாக அழுதவர்களை எனக்குத் தெரியும். அது கணு எடுத்தபின் அடிக்கடி வரும் ஒன்று, புற்றுநோய் அல்ல. நீட்டல் பயிற்சியாலும் பிசியோதெரபியாலும் வாரங்களில் அல்லது மாதங்களில் போய்விடும். ஆனாலும் தாதியிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மேசையில்

திட்டமிடும் நாளில் சிரி ஸ்கான் எடுப்பார்கள். இயந்திரத்தை நேராக வைப்பதற்காகக் குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று புள்ளிகளைப் பச்சை குத்துவார்கள். சில வைத்தியசாலைகளில் இப்போது கமெராவால் உடம்பின் மேற்பரப்பைப் பார்த்துச் சரிசெய்வதால் பச்சை குத்துவதில்லை. எங்கள் தோல் நிறத்தில் அந்தப் புள்ளி மச்சம் போலத்தான் தெரியும்.

இடது பக்கம் என்றால் மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நெஞ்சு விரியும்போது இதயம் கதிர்படும் இடத்திலிருந்து சற்று விலகுகிறது என்பதுதான் காரணம். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 விநாடிகள். இதை வீட்டில் பழகலாம், பழகவும் வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது முதுகு மேசையிலிருந்து எழும்பக்கூடாது, நெஞ்சுதான் எழ வேண்டும். பிடிக்க முடியாமல் இருமல் வந்தால் விட்டுவிடலாம். கதிரை உடனே நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். அறைக்குள் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். ஆனால் கமெராவில் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் கதைத்துக்கொண்டும் இருப்பார்கள். முழுவதும் பத்து, இருபது நிமிடங்கள். அதில் கதிர் படுவது சில நிமிடங்கள்தான், சுடாது, நோகாது.

இங்கேதான் மொழி முக்கியமாகிறது. ஊரிலிருந்து வயது போன பிறகு வந்த அம்மாமாருக்கு, ஒலிபெருக்கியில் வரும் ஆங்கிலக் கட்டளை விளங்காது. திட்டமிடும் நாளிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். என்.எச்.எஸ் அதற்குப் பணம் கேட்காது. மகனைக் கொண்டு தாயின் மார்பைப் பற்றி மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் கொடுமை. அம்மா வெட்கத்தில் பாதியைச் சொல்லாமல் விடுவார், மகன் சங்கடத்தில் மீதியை விடுவான். பெண் கதிரியக்க உத்தியோகத்தர்தான் வேண்டும் என்று கேட்கவும் முடியும். எப்போதும் கிடைக்கும் என்றில்லை, கேட்பதில் தவறில்லை. "மூச்சை இழுங்கோ", "பிடியுங்கோ", "விடுங்கோ" என்ற மூன்றுக்கும் ஆங்கிலச் சொற்களைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு வீட்டில் பழக்கிவிடலாம்.

தாலி. எனக்குச் சொன்னது, கதிர் படும் இடத்தில் தங்கமோ நூலோ எதுவும் இருக்கக்கூடாது என்பது. கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு, முடிந்ததும் அணிந்துகொண்டேன். வயதானவர்கள் முதல் நாள் உடுப்பு மாற்றும் இடத்தில் வைத்து இதைக் கேட்டு அழுவதைவிட, வீட்டிலேயே கணவரோடு கதைத்து ஒரு முடிவுக்கு வருவது நல்லது. மருத்துவத்துக்காகக் கழற்றுவதில் ஒன்றுமில்லை என்று ஒரு மூத்தவர் வாயால் சொன்னால் பாதிக் கவலை தீரும்.

தோல்

ஆங்கிலத்தில் தரும் தாள்களில் "தோல் சிவக்கும்" என்று எழுதியிருக்கும். எங்கள் தோலில் பலருக்குச் சிவப்புத் தெரியாது. கருமையாகும், ஊதா கலந்த மண்ணிறமாகும், சூடாக, இறுக்கமாக, கடியாக இருக்கும். நிறம் சிவக்கவில்லை என்பதற்காகத் தாதி "ஒன்றுமில்லை" என்று கடந்து போனால், எரிகிறது, கடிக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். இன்னொன்று, இந்த மாற்றம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஒன்று, இரண்டு வாரங்களில். தினமும் வைத்தியசாலைக்குப் போவது நின்ற பிறகு தோல் மோசமாவதைக் கண்டு பயப்படாதீர்கள். தோல் உரிந்து ஈரமானால் தொலைபேசி எடுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சவர்க்காரம், வழக்கமாகப் பாவிக்கும் வாசனையற்ற கிறீம் போதும். மஞ்சள் பூசுவது, சந்தனம் பூசுவது, நல்லெண்ணெய் வைத்து உருவுவது, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தடம் எல்லாவற்றையும் அந்த இடத்துக்கு அப்போது விட்டுவிடுங்கள். கறியில் போடும் மஞ்சள் பிரச்சினை இல்லை. குளிசையாக விற்கும் மஞ்சள், அதிக அளவு விற்றமின் குளிசைகள் போன்றவற்றை வைத்தியரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. கம்பி வைத்த மார்புக்கச்சையும் இறுகிய சேலைப் பிளவுசும் தோல் ஆறும்வரை வேண்டாம். தளர்ந்த பருத்தி உடுப்புத்தான் வசதி.

களைப்பும் நடையும்

இனி முக்கியமான விடயம். கதிர்ச் சிகிச்சையின் களைப்பு சாதாரண அலுப்பு அல்ல. நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாது. தேநீர் போட எழுந்தவர் பாதி வழியில் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். அது சிகிச்சை போகப் போகக் கூடி, முடிந்த பின்னும் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் நீடிக்கும். கீமோ எடுத்தவருக்கு இன்னும் கூட.

எங்கள் மரபு இதற்குத் தரும் மருந்து ஓய்வு. சமையலறைக்குள் விடமாட்டார்கள், மாடிப்படி ஏறவிட மாட்டார்கள். பிரித்தானியாவின் மாமிமார், அன்ரிமார் எல்லோரும் சூப் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சூப்புக்கு நான் நன்றியுடையவள். ஆனால் முழுநாளும் படுத்திருந்தால் தசை கரைகிறது, தசை கரைந்தால் அதே படி இன்னும் கூடக் களைக்க வைக்கிறது, அதனால் இன்னும் படுக்கிறோம். புற்றுநோய்க் களைப்பைக் குறைப்பதில் மிக உறுதியான ஆதாரம் உடற்பயிற்சிக்குத்தான் இருக்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான். 2019இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர்கள் தந்த அளவு: வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு வாரத்தில் இரண்டு நாட்கள் தசைப் பயிற்சி. களைப்பும் மனச்சோர்வும் குறைவதற்கு இவ்வளவே போதும் என்கிறார்கள். பிறகு முடிந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான வாரம் 150 நிமிடம் வரை போகலாம்.

மிதமானது என்றால் என்ன? நடந்துகொண்டே கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அவ்வளவுதான்.

தொடக்கத்தில் 30 நிமிடம் என்பது மலை. நான் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைத் தபாற்பெட்டி வரை போய்த் திரும்பினேன். பத்து நிமிடம்கூட இல்லை. கணக்காளர் புத்தியில் ஒரு பயிற்சிக் கொப்பியில் நான்கு நிரல்கள் கீறினேன்: திகதி, நடந்த நிமிடம், நடக்க முன் களைப்பு பத்துக்கு எத்தனை, நடந்த பின் எத்தனை. மூன்றாம் நிரலைவிட நான்காம் நிரல் குறைவாக இருந்த நாட்கள் எனக்கே ஆச்சரியம் தந்தன. எல்லா நாளும் அப்படியில்லை. கொப்பியின் பயன் வேறு. "நேற்று நல்லா இருந்தது" என்று ஒரே நாளில் வீடு முழுவதும் கூட்டித் துடைத்து, அடுத்த இரண்டு நாள் எழும்ப முடியாமல் கிடக்கும் வழக்கம் எங்களிடம் அதிகம். நிமிடங்களை எழுதினால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். நல்ல நாளில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு நிறுத்தவும், கூடாத நாளில் ஐந்து நிமிடமாவது நடக்கவும் அது பழக்கும்.

வெட்கம் ஒரு பெரிய தடை. தொப்பி போட்டுக்கொண்டு தனியாக நடந்தால் யாராவது காண்பார்கள், "வருத்தக்காரி ஊர் சுத்துறா" என்று கதை வரும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் நான் சொன்னது, விடியக் காலமை நடவுங்கோ, அல்லது மழை நாளில் கடைத்தொகுதிக்குள் நடவுங்கோ, அங்கே எல்லோரும் நடப்பவர்கள்தான் என்பது. மகளோ கணவரோ கூட நடந்தால் இன்னும் நல்லது. கணவர்மார் கவனிக்க: வைத்தியசாலைக்குக் காரில் கொண்டுபோய் விடுவதோடு உங்கள் கடமை முடியவில்லை. அந்த 20 நிமிட நடை உங்கள் சீனி வருத்தத்துக்கும் நல்லது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. தெல்லிப்பழையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி சேர்த்தது ஒரு நடைபயணம். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து வந்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க. கீமோவோடு தரும் ஸ்ரெரொயிட் சீனியை ஏற்றும், நடை அதை இறக்கும். ஆகவே சோதிக்கும் இடைவெளியைக் குறையுங்கள், இன்சுலின் எடுப்பவர் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள். தசை திரும்புவதற்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை, தயிர். வெறும் கஞ்சியும் ரஸ்க்கும் போதாது. கந்தசஷ்டி விரதம் பிடிப்பதென்றால் அந்த ஆண்டு வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல் என்றால் பயிற்சி இல்லை. கீமோ காலத்தில் அப்படிக் காய்ந்தால் காத்திருக்காமல் உங்களுக்குத் தந்த 24 மணிநேர இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைச்சுற்று, காரணமில்லாத மூச்சுத்திணறல் என்றாலும் நிறுத்திச் சொல்லுங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் பயிற்சி செய்யலாம், ஆனால் எந்தப் பயிற்சி என்று முதலில் கேட்டறிந்தே செய்ய வேண்டும்.

பாரம் தூக்கலாமா

அக்குள் கணு எடுத்தவர்கள் வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கக்கூடாது என்று பல காலம் சொல்லப்பட்டது. கை வீங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். 2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மேற்பார்வையோடு வாரம் இருமுறை, மிகச் சிறிய பாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. நிலைமை மோசமான தடவைகள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன, பலமும் கூடியது. இதன் பொருள், நாளைக்கே 20 கிலோ அரிசிப் பையைத் தூக்கலாம் என்பதல்ல. பலத்தைப் படிப்படியாக வளர்த்தால் அந்தப் பையைப் பற்றிய பயம் குறையும் என்பது.

எங்கள் சமையலறையே ஒரு பயிற்சிக்கூடம். இடியப்பம் பிழிவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கடினமான வேலை. அதை மீட்சியின் கடைசியில் வையுங்கள். தேங்காய் திருவுவதும் அப்படியே. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவதில் தொடங்கலாம், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பது கால்களுக்கு. மோதிரம், காப்பு திடீரென இறுகுவது, கை பாரமாகத் தெரிவது வீக்கத்தின் முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்துவது சுலபம். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று, அன்றே அன்ரிபயோட்டிக் வேண்டும். கத்தி, அடுப்பு, தோட்ட வேலை எல்லாவற்றிலும் அந்தக் கையில் காயம் படாமல் பார்ப்பது அதற்காகத்தான்.

ஹோமோன் குளிசைகளில் ஒரு வகை மூட்டு வலியைத் தரும். நடக்கப் பிடிக்காது, பலர் குளிசையையே சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அதை நிறுத்துவது மிகவும் ஆபத்தான சிக்கனம். ஓராண்டு ஒழுங்காக நடையும் தசைப் பயிற்சியும் செய்தவர்களுக்கு அந்த வலி குறைந்ததாக 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குறையவில்லை என்றால் மாற்றுக் குளிசைகள் இருக்கின்றன, கேட்க வேண்டும்.

பணக் கணக்கு

இது என் துறை. இங்கிலாந்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. எப்.பி 92ஏ என்ற படிவத்தைக் குடும்ப வைத்தியரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டு நிரப்பினால் ஐந்து ஆண்டுகளுக்கு விலக்குச் சான்றிதழ் வரும். நீரிழிவு, பிரஷர் மருந்துகளுக்கும் அது செல்லும். குறைந்த வருமானம் உள்ளவர்கள் வைத்தியசாலைப் பயணச் செலவைத் திரும்பப் பெறலாம். சிட்டைகளை வைத்திருங்கள், மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். 15 நாள் பயணமும் தரிப்பிடக் கட்டணமும் சேர்ந்தால் சின்னத் தொகை அல்ல. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களுக்கும் அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும் இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. விசா நிலையை நினைத்துக் கட்டியை மறைத்து வைத்திருக்காதீர்கள்.

வேலை செய்பவர்களுக்கு, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் புற்றுநோயை, கண்டறிந்த நாளிலிருந்தே, அங்கவீனத்துக்குரிய பாதுகாப்புக்குள் சேர்க்கிறது. சிகிச்சை நேரத்துக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்றுவது, சில வாரங்கள் அரைநாள் வேலையாகத் திரும்புவது போன்ற நியாயமான மாற்றங்களை முதலாளி பரிசீலிக்க வேண்டும். அவற்றை எழுத்தில் கேளுங்கள். சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் 28 வாரங்கள் வரை.

என்னை வருத்துவது வேறொன்று. பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் கணவரோடு நாள் முழுக்க நிற்கும் எங்கள் பெண்கள் பலர், கணக்கில் ஊழியராகவே இல்லை. வரி மிச்சம் என்று நினைத்துச் செய்தது. நோய் வந்ததும் நோய்க்காலச் சம்பளம் இல்லை, தேசியக் காப்புறுதிக் கட்டணம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டாததால் புதிய முறை வேலைத்திறன் உதவித்தொகையும் இல்லை. இருபது வருடம் கல்லாவில் நின்றவர், காகிதத்தில் வேலை செய்யாதவர். உங்கள் கணக்காளரிடம் இன்றைக்கே இதைக் கேளுங்கள், நோய் வரமுதல். பிப் என்று சொல்லும் உதவித்தொகைக்குக் காப்புறுதிப் பதிவோ வருமான வரம்போ கிடையாது. ஆனால் அன்றாட வேலைகளில் சிரமம் மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்றும் எதிர்பார்க்கப்பட வேண்டும். பொது நிதி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கமுதல் சட்ட ஆலோசனை பெற வேண்டும். மக்மிலன் அமைப்பின் உதவித் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், உதவித்தொகைப் படிவங்களுக்கும் அங்கே ஆட்கள் உண்டு.

முடிந்த பிறகு

மார்பு சற்றுச் சுருங்கலாம், தடிக்கலாம், நிறம் மாறியே இருக்கலாம். விலா எலும்பில் இடைக்கிடை குத்தும். சிகிச்சைக்குப் பின் வரும் மாதங்களில் வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் தொடங்கினால், தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிராமல், கதிர்ச் சிகிச்சை எடுத்ததைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். மிகச் சிலருக்கு நுரையீரல் அழற்சி வருவதுண்டு, மருந்து இருக்கிறது. அந்தப் பக்கத் தோலுக்கு வெயில் படாமல் பார்ப்பது ஊருக்குப் போகும் விடுமுறைக்கும் பொருந்தும். கடற்கரைக்கும் தேருக்கும் போவதென்றால் கழுத்தை மூடும் சட்டை, வெயில் தடுப்புக் கிறீம்.

மமோகிராம் வழக்கமாக ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் எடுப்பார்கள். பிறகு வயதுக்கேற்ப மூன்று ஆண்டுகளுக்கொருமுறை வரும் பொதுப் பரிசோதனைக்கு மாறும். வீடு மாறினால் குடும்ப வைத்தியரிடம் புதிய விலாசத்தைப் பதியுங்கள், அழைப்பு பழைய வீட்டுக்குப் போய்விடும். திகதி தாண்டியும் கடிதம் வரவில்லை என்றால் மார்பகச் சிகிச்சைத் தாதிக்கு நீங்களே அழையுங்கள். அவருடைய இலக்கம் முதல் நாள் தந்த கோப்பின் முன்பக்கத்தில் இருக்கும்.